வலது பக்கம் திரும்பாத கார்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும்தான் இருந்தது. தெருவுக்கு அவர் ஊசியண்ணன். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அடைத்துக்கொண்ட ஒரு கார்புரேட்டர் ஜெட்டைத் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டார். ஜெட் என்பது பெட்ரோல் போகும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை மயிரிழை அளவு பெரிதானாலும் வண்டி பெட்ரோலை மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் கரும்புகை கக்கும். அந்த வண்டியும் கக்கியது, முதலாளியும் கத்தினார், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருடமாக ஒரு ஜெட்டின் பக்கத்தில்கூட அவர் ஊசியைக் கொண்டுபோனதில்லை. இருந்தாலும் என்ன, ஊசியண்ணன் ஊசியண்ணன்தான்.

பைக் கார்புரேட்டர் என்றால் அவரிடம்தான் போக வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, கை அப்படி. அவருடைய முக்கியமான கருவி ஒரு முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடிப்பார். காற்று உள்ளே போகும் இரைச்சலை வைத்தே எது அதிகம் குடிக்கிறது, எது பட்டினி கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கார் என்றால் ஆளுக்கு ஆகாது. "நாலு கால் இருந்தா அது மேஜை. மேஜையை எதுக்கு ஓட்டணும்?" என்பார். எதிர்க்கடையில் கார் மெக்கானிக். அவர் விடுவாரா? "உங்க வண்டியை முதல்ல ஸ்டாண்ட் போடாம நிக்க வைங்க, அப்புறம் பேசலாம்" என்பார். பதினைந்து வருடமாக இருவரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள், இருவருக்கும் அலுக்கவில்லை.

அவருடைய மனைவி கண்ணாடியக்கா. ஊரின் மறுகோடியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. இருபத்தாறு வருடமாகக் காலையில் அவரை பைக்கில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் ஊசியண்ணன்தான். கல்யாணமான புதிதில் திருப்பம் வந்தால் அந்த அம்மா பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்வார், வண்டி தள்ளாடும். "நான் எந்தப் பக்கம் சாயறேனோ அந்தப் பக்கம் சாய். மூட்டை மாதிரி உட்காராதே" என்று ஊசியண்ணன் எரிந்து விழுந்தார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஒரு வருடத்தில், அவர் சாயப்போவது அவருக்குத் தெரிவதற்கு முன்பே பின்னால் இருப்பவருக்குத் தெரிந்தது.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு தூறல் சாயங்காலம். வாடிக்கையாளர் ஒருவரின் பெரிய பைக். கார்புரேட்டர் அன்றைக்குத்தான் முடிந்திருந்தது. மனைவியைக் கூட்டிவர அதையே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது இடது பக்கத் திருப்பம் ஒன்றில், வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி எப்படி இழுக்கிறது என்று கேட்க ஆசை வந்தது. முறுக்கினார். காது எஞ்சினில் இருந்தது, கண் ரோட்டில் இல்லை. ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கி இருவரும் இடது பக்கம் விழுந்தார்கள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். கேள்வி சாதாரணக் கேள்விதான். ஊசியண்ணன் வாயில் பதில் தானாக வந்தது.

"திருப்பத்துல இவ சாயலை, டாக்டர்."

சக்கரக் கட்டிலில் படுத்திருந்த கண்ணாடியக்கா அவரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் விட்டத்தைப் பார்த்தார். அந்தப் பொய் அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் பார்க்க வந்த மச்சானிடமும் அதையே சொன்னார், எதிர்க்கடைக்காரரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை மாதிரி தோன்ற ஆரம்பித்தது. மச்சான் அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இத்தனை வருஷம் உட்கார்ந்து வந்தவ, ஒழுங்கா சாய்ஞ்சு உட்காரக் கூடாதாக்கா?" என்று வேறு கடிந்துகொண்டான். அதற்கும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. மனுஷன் அங்கேயே நின்றுகொண்டு இதைக் கேட்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எலும்பு கூடியது. கைத்தடியோடு நடக்கவும் முடிந்தது. ஆனால் பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியாது, ஒருக்களித்து உட்காரவும் முடியாது, பஸ் படி எட்டாது. தினமும் வாடகை வண்டி வைத்தால் சம்பளம் முழுக்க வண்டிக்காரருக்கே போகும். ஏழு மாதம் அந்த அம்மா ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடந்தார். இருவரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. சாப்பாடு, மருந்து, மோட்டார் போட்டாச்சா என்பதெல்லாம் பேசினார்கள். அந்த ஒரு பேச்சை மட்டும் இருவரும் தொடவில்லை.

ஒரு நாள் கண்ணாடிக் கடைக்கார அம்மா போன் பண்ணினார். இதுவரை வேறு ஆள் வைக்காமல் சமாளித்துவிட்டதாகவும், வருகிற ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் தன்மையாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியக்கா வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியண்ணன் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவருகே நின்று இதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, தன் ஆயுளில் முதல் தடவையாக எதிர்க்கடைக்கு ஒரு கார் கேட்டுப் போனார்.

எதிர்க்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கடை ஓடு பெயராதது ஆச்சரியம். சிரித்து முடித்துவிட்டு, மூலையில் தார்ப்பாயால் மூடிக்கிடந்த ஒரு பழைய காரைக் காட்டினார். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது, கார்புரேட்டர்தான் விண்டுபோய்விட்டது, அந்த மாடலுக்கு இனி எங்கே தேடினாலும் கிடைக்காது என்றார். "எடுத்துக்கோங்க. நீங்க ஓட்டினா நான் பைக் வாங்கறேன்" என்றும் சொன்னார்.

ஊசியண்ணனிடம் கார்புரேட்டருக்கா பஞ்சம்? நாலு சிலிண்டர் பைக் ஒன்று விபத்தில் நொறுங்கியபோது அதன் நாலு கார்புரேட்டர்களையும் ஒரே சட்டத்தோடு கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். காரிலும் சிலிண்டர் நாலு. ஆளுக்கொன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பைக் எஞ்சின் ஒல்லி, கார் எஞ்சின் அகலம். கார்புரேட்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, கார் எஞ்சினின் துளைகள் தள்ளித் தள்ளி இருந்தன. மச்சான் வெல்டர். நாலு இரும்புக் குழாய்களை வளைத்து, ஒரு தகட்டில் பற்றவைத்து, துளைக்குத் துளை சேர்த்துக் கொடுத்தான். குழாய் முனையில் ரப்பர் மூட்டு, அதில் கார்புரேட்டர். பைக்கில் இருக்கிற மாதிரியே மட்டமாக, எஞ்சினின் இடது பக்கம் வெளியே வாயைப் பிளந்துகொண்டு நாலும் வரிசையாக நின்றன.

முதல் நாள் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் நாலு பக்கமும் ஒழுகியது. காரின் பம்ப் தள்ளுகிற வேகம் பைக் கார்புரேட்டருக்குத் தாங்காது. பைக்கில் பெட்ரோல் மேலிருந்து சும்மா இறங்கி வருவதுதானே. பம்பிலிருந்து வருவதில் பாதியை டேங்குக்கே திருப்பி அனுப்ப ஒரு குழாய் போட்டார், ஒழுகல் நின்றது. அடுத்து ஜெட் மாற்றம். சின்ன ஜெட்டில் எஞ்சின் இருமியது, பெரியதில் புகைந்தது. இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் போட்டார். அப்புறம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து, ஒவ்வொரு வாயாகக் கேட்டு, திருகைக் கால் சுற்று அப்படி, அரைக்கால் சுற்று இப்படி என்று நாலையும் ஒரே இரைச்சலுக்குக் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் எஞ்சின் சீராக ஓடியது. உள்ளே ஜன்னலருகே உட்கார்ந்திருந்த கண்ணாடியக்கா, "ரெண்டாவது கொஞ்சம் கம்மியா கேக்குது" என்றார். ஊசியண்ணன் குழாயை வைத்துப் பார்த்தார். கம்மிதான். திருகினார். எஞ்சின் மேல் வைத்த டம்ளர் தண்ணீர் அசையவில்லை. திங்கட்கிழமை ஒன்றாம் தேதி.

இனி நடந்ததைக் கேளுங்கள். அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடை வழியில் ஒரு ஓட்டம் போனார். நேர் ரோட்டில் கார் பறந்தது. பாதி வழியில் ஒரு பெரிய ரவுண்டானா. அதில் நுழைந்து வலது பக்கமாகச் சுற்ற ஆரம்பித்ததும் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். தள்ளி ஓரம் கட்டி, ஒரு நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடுகிறது.

வீட்டுக்கு வந்து பிளக் மாற்றினார். மறுபடி போனார், ரவுண்டானாவில் நின்றது. பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினார், பெட்ரோலை வடிகட்டினார். ரவுண்டானாவில் நின்றது. சனிக்கிழமை முழுக்க வயரை மாற்றினார், பம்பைப் பிரித்தார், பிறகு மச்சான் பற்றவைத்த இடத்தில் காற்று இழுக்கிறது என்று மச்சானையும் ஒரு பிடி பிடித்தார். மச்சான் குழாய்களைத் தண்ணீரில் முக்கி ஊதிக் காட்டினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"எல்லார் மேலயும் குத்தம் சொல்றீங்களே மாமா, உங்க டியூனிங் சரியான்னு பார்த்தீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷமா பார்க்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று, "பைக் சாமானை மேஜைக்கு மாட்டினா இப்படித்தான்" என்றார். அவருக்கு வராது வந்த வாய்ப்பு, பாவம், எப்படி விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊசியண்ணன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு காரின் படியில் உட்கார்ந்திருந்தார். கைத்தடிச் சத்தம் கேட்டது. கண்ணாடியக்கா புடவை மாற்றி, தலை வாரி, ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். ஏழு மாதத்தில் வாசற்படியைத் தாண்டியது அன்றுதான்.

"நானும் வரேன். நிக்குதான்னு பார்க்கறேன். நின்னா, நாளைக்கு வரலைன்னு கடைக்கு போன் பண்ணிடறேன். அப்புறம் இந்த வண்டிப் பேச்சை எடுக்கக் கூடாது."

"இன்னும் ரெண்டு நாள் குடு."

"ஒண்ணாம் தேதி ரெண்டு நாள் தள்ளி வருமா?"

கண்ணாடியக்கா முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு கையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. தெருவைத் தாண்டும்வரை இரண்டு பக்கமும் கடை கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "பால்கடை இடம் மாறிடுச்சா?" என்று கேட்டார். மாறி ஐந்து மாதமாயிற்று.

ரவுண்டானா வந்தது. வலது பக்கம் திருப்பினார். எஞ்சின் இருமியது, அணைந்தது. கண்ணாடியக்கா, "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஓரம் கட்டினார்கள். ஊசியண்ணன் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் அறைந்தார். "அவ்வளவுதான். என்னால ஆகலை."

"அது கிடக்கட்டும். இந்தக் கார்ல வலது பக்கம் திரும்பினா ஏன் என் இடுப்பு கதவுல போய் இடிக்குது? இடது பக்கம் திரும்பினா ஒண்ணும் இல்லை, உங்க பக்கம் வரேன்."

"கார்னா அப்படித்தான் தள்ளும்."

"பைக்குல தள்ளினதே இல்லையே."

"பைக்குல நாம சாய்வோம். அதான்..."

வாய் அப்படியே நின்றது. கண்ணாடியக்கா மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். பாதி தண்ணீர். "இன்னொரு சுத்து போங்க. மெதுவா" என்றார்.

போனார். திரும்ப ஆரம்பித்ததும் பாட்டிலில் தண்ணீர் இடது பக்கம் ஏறி, சுற்று முடிகிறவரை ஏறினபடியே நின்றது. எஞ்சின் இருமியது. நேர் ரோட்டுக்கு வந்ததும் தண்ணீர் மட்டமானது, இருமல் நின்றது. கார்புரேட்டருக்குள்ளும் சின்னதாக ஒரு கிண்ணம்தான், அதில் பெட்ரோல், மேலே ஒரு மிதவை. பைக் திரும்பும்போது கிண்ணமும் கூடவே சாயும், பெட்ரோல் இருந்த இடத்தில் இருக்கும். கார் சாயாது. வலது பக்கம் திரும்பினால் பெட்ரோல் வெளிவாய்ப் பக்கம் ஏறி மிதவையைத் தூக்கிவிடுகிறது, மேற்கொண்டு வருகிற வழி அடைகிறது, ஜெட்டின் வாய் வறண்டுபோகிறது. பட்டறையில் நிற்கவைத்து மாதக்கணக்கில் கேட்டாலும் இது எந்தக் காதுக்கும் கேட்டிருக்காது. முப்பத்தைந்து வருடம் சாய்கிற வண்டியையே பார்த்த மனுஷனுக்கு, சாயாத வண்டி ஒன்று உண்டு என்பது மறந்தே போயிருந்தது.

"எனக்கு ஏன் இது தோணலை?" என்றார்.

கண்ணாடியக்கா பாட்டிலை மடியில் வைத்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "பின்னாடி உட்கார்ந்து வந்தவளுக்குத்தான் தோணும். இருபத்தாறு வருஷத்துல எந்தத் திருப்பத்துல நான் சாயாம இருந்திருக்கேன், சொல்லுங்க."

ஊசியண்ணனுக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினார்.

அன்று பகல் மச்சானைக் கூப்பிட்டு, தகட்டிலிருந்து குழாய்களை அறுத்து, கார்புரேட்டரின் வெளிவாய் இரண்டு விரல் உயர்ந்து நிற்கும்படி சாய்த்துப் பற்றவைக்கச் சொன்னார். மச்சான், "சாய்ச்சு வைக்கணும்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான். "எனக்குத் தெரியலை. நீ பத்தவைச்சதுல தப்பு இல்லை" என்றார் ஊசியண்ணன். மச்சான் முகமூடியைத் தூக்கி அவரை ஒரு மாதிரி பார்த்தான். மாமா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் கேட்டதில்லை. நாலு மிதவைகளின் நாக்கையும் துளி வளைத்து, கிண்ணத்தில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்படி ஊசியண்ணனே வைத்தார். பொழுது சாய்வதற்குள் மறுபடி நாலு இரைச்சலும் ஒன்றாயின.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கண்ணாடியக்கா ஏறினார். இடது இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தலையணை. ஊசியண்ணன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். ரவுண்டானா தெரிந்ததும் கண்ணாடியக்கா மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நுழைந்தார். வலது பக்கம் திருப்பினார். கால் சுற்று. அரைச் சுற்று. எஞ்சின் அதே சீரில் ஓடியது. ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. கண்ணாடிக் கடைக்குப் பிரியும் ரோடு இடது பக்கம் வந்தது. ஊசியண்ணன் அதில் திரும்பாமல் சுற்றிக்கொண்டே போனார்.

"கடை அந்தப் பக்கம்" என்றார் கண்ணாடியக்கா.

"தெரியும்."

இரண்டாவது சுற்றிலும் அந்த ரோடு வந்தது, போனது. போக்குவரத்துக் காவலர் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, மணியாச்சு. எஞ்சின் நிக்கலை, பார்த்தாச்சு. போதும்."

"எஞ்சினுக்காகச் சுத்தலை. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுத் திரும்பறேன்." மூன்றாவது சுற்றும் பாதி போயிற்று. கண்ணில் நீர் கோத்து ரோடு மங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நீ சாஞ்சே. சரியா சாஞ்சே. நான்தான் சத்தம் கேக்கறதுக்காக முறுக்கினேன். விழுறதுக்கு முன்னாடியே தப்பு என்னோடதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னேன்."

கண்ணாடியக்கா முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரவுண்டானா நடுவிலிருந்த புல்லுக்கு ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கார் மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தது.

"இதைச் சொல்றதுக்கு ஏழு மாசமும் நாலு கார்புரேட்டரும் வேண்டியிருந்துச்சா?"

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்சதை என்கிட்டயே சொல்லி என்ன ஆகப்போகுது? நான் சாயலைன்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க." சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இப்ப திருப்புங்க. முதல் நாளே லேட்டா போனா நல்லாவா இருக்கும்?"

திருப்பினார். கடை வாசலில் கடைக்கார அம்மா வெளியே வந்து கையைப் பிடித்து இறக்கினார். கண்ணாடியக்கா தடியை ஊன்றி உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலைச் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார், சாயங்காலம் இந்தக் காரில்தான் வரப்போகிறோம் என்பது போல.

பட்டறை வாசலில் காரை நிறுத்தியபோது எதிர்க்கடைக்காரர் கிரீஸ் படிந்த கையைத் துடைத்தபடி ரோட்டைக் கடந்து வந்தார். பின்னாலேயே மச்சானும் வந்தான். என்ன ஆயிற்றோ என்று வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறான்.

"என்ன, மேஜை நின்னுச்சா, ஓடுச்சா?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

பதினைந்து வருடத்தில் ஊசியண்ணனுக்கு அவரை வாயடைக்க இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. கார் ரவுண்டானாவை முழுதாக மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது. எதிர்க்கடைக்காரர் சொன்ன சொல்படி பைக் வாங்க வேண்டும். ஊசியண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மச்சானையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"வண்டிக் கதை அப்புறம். அன்னிக்கு நாங்க எப்படி விழுந்தோம்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் ஒண்ணு சொன்னேன் இல்லையா," என்றார், "அது பொய்."